தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அப்புறம்

1

மாடிக் கூட்டத்தின் ஆண்டு மடலுக்காக வழக்கமான கேள்வியை அனுப்பிவிட்டீர்கள். "இப்போது எதை வாசித்து ரசித்துக்கொண்டிருக்கிறாய்? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது."

மன்னிக்கவும், ஒரு பக்கத்தில் முடியாது. இங்கே வந்த முதல் இரண்டு வருடமும் நல்ல பிள்ளையாக நான்கு நான்கு புத்தகப் பெயர்களை எழுதி அனுப்பினேன். இந்த வருடம் ஒரே ஒரு புத்தகம். அதிலும் தொண்ணூற்றாறாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் அலைந்திருக்கிறேன். ரசித்தேனா என்றால் ரசித்தேன். அதைவிட அதிகமாக எரிச்சல்பட்டேன். எதிரே வருகிறவர்களைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மதுமிதா. மன்னார்குடி ஜெராக்ஸ் கடை மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சண்டையில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள். வேதியியல் முதுகலை. கல்யாணமாகி மலேசியா வந்து, கோலசிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தானை ஒட்டிய ஒரு தாமானில் இருக்கிறேன். தாமான் என்றால் ஒரே மாதிரி வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு. பின்வாசலைத் திறந்தால் செம்பனைத் தோட்டம். என் கணவர் சரவணனுக்குச் செம்பனை ஆலையில் எண்ணெயைப் பரிசோதிக்கும் வேலை. அந்த வேலையை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவில், வேலை பார்க்கக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. அனுமதி வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன். 'பரிசீலனையில்' இருக்கிறது. போன முறை விசாவைப் புதுப்பிக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் மலாயில் என்ன தொழில் என்று கேட்டார். தெரிந்த மலாயைத் திரட்டி, "புத்தகம் படிக்கிறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சரவணனைப் பார்த்தார், 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார்.

2

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. பீங்கான் கோப்பைகள், சரவணன் பள்ளியில் வாங்கிய பூப்பந்துக் கேடயம், இவற்றுக்கு நடுவே பத்தொன்பது தமிழ்ப் புத்தகங்கள். வந்த முதல் வாரம் அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரிடம் ஓடினேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்.

"அத்தை, இவ்வளவும் நீங்க படிச்சதா?"

"எங்கம்மா நேரம்? எல்லாம் வெளியீட்டுல வாங்குனது."

இங்கே நூல் வெளியீடு நடக்கும் விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பொறாமைப்படுவீர்கள். மண்டபம் நிறைய ஆள். மாலை, பொன்னாடை, பிரமுகர் ஒருவர் முதல் நூல் பெறுவார். பிறகு மொத்தக் கூட்டமும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு உறையை எழுத்தாளர் கையில் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். உறையில் எவ்வளவு என்பது அவரவர் மனசு. அப்புறம் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ், வடை, தே தாரேக் டீ. கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதுகிற அதே அக்கறை. போகாமல் இருந்தால் வருத்தப்படுவார்கள். நம் ஊரில் நாவல் போட்டவர் பாதிப் பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்; இங்கே ஒரே சாயங்காலத்தில் அத்தனையும் போய்விடுகிறது. இதில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. என் குறை அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. வாங்கிய புத்தகம் நேரே அலமாரிக்குப் போகிறது. மொய் எழுதிவிட்டு வந்த கல்யாணத்தை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லையே, அப்படி.

பத்தொன்பதையும் வரிசையாகப் படித்துவிடுவது என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், முதல் எட்டும் சுமார். ஒன்பதாவதாக எடுத்தது 'பத்தாங்கட்டைப் பார்வதி'. இங்கே மைலைக் கட்டை என்பார்கள். பத்தாங்கட்டை என்றால் பத்தாவது மைலில் இருக்கும் இடம். எழுதியவர் பெயர் வசந்தா. ஆறு வருடத்துக்கு முன் வந்த நாவல். பின்னட்டையில் படம். பார்த்ததும் கத்திவிட்டேன்.

"கயல், இது உன் வேன் ஆண்ட்டிதானே?"

கயல் சரவணனின் அண்ணன் மகள். அடுத்த வீட்டில் இருக்கிறாள். தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, ஆமா! வேன் ஆண்ட்டி புக்குலாம் எழுதுவாங்களா, சித்தி?"

"எழுதியிருக்காங்க பாரு. படிக்கிறியா?"

"தமிழ் புக்குல படம் இல்லன்னா தூக்கம் வருது லா, சித்தி" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் மலாய்ப் பேய்க் கதையைத் தொடர்ந்தாள். நான்கு வருடமாகத் தினம் இரண்டு வேளை அந்த அம்மாளின் வேனில் போய் வருகிறவள். இந்த வீட்டு அலமாரியில் அவர் புத்தகம் இருப்பது இவளுக்குத் தெரியாது. இவளுக்கென்ன, வாங்கி வைத்த அத்தைக்கே மறந்துபோயிருந்தது.

3

நாவலைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் பரபரக்கிறது. பார்வதி ஒரு தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கிறவள். முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்து நாள் முழுக்க நடப்பவள். தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வருகிறது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை எப்போது காலி செய்ய வேண்டும், பதிலுக்கு வீடு உண்டா, ஒன்றும் தெரியாது. நாற்பத்திரண்டு குடும்பமும் கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு மனு தயார் செய்கிறது. அதைக் கம்பெனியின் பெரிய ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கப் பயப்படாத ஆளாகப் பார்வதியைப் பொறுக்குகிறார்கள்.

இது வெறும் எலும்புக்கூடு. சதை முழுக்க எழுத்தில் இருக்கிறது. மருந்து வாடை போகாத கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாமல், பார்வதி மரக்கரண்டியால் ஊட்டுகிறாள். வேலையை மேய்க்கும் மண்டோர் அவளைத் திட்டும்போது அவள் அவன் சட்டையில் அறுந்து தொங்கும் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு இடத்திலும் எழுத்தாளர் உள்ளே வந்து அழச் சொல்லவில்லை. நான் குக்கர் சத்தம் கேட்காமல் பருப்பைக் கருகவிட்டேன். கருகிய பாத்திரத்தைத் தேய்க்கிற சத்தத்தில் அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில், செம்பனைக் குலை ஏற்றிய லோரியில், மணியம் என்கிற டிரைவருக்குப் பக்கத்தில் பார்வதி ஏறி உட்காருகிறாள். மனு ரவிக்கைக்குள் இருக்கிறது. லோரி கிளம்புகிறது.

பக்கத்தைத் திருப்பினேன். பார்வதி லயத்துக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கத்தில் தாளைப் பின்னுக்குத் திருப்பிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. பக்க எண் எண்பத்தொன்று. எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை இன்னொரு முறை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் நேரே நூற்றுப் பதின்மூன்று. அங்கே பார்வதி செகிஞ்சானில், மீன்பிடிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள். இடது கை முழுசாக மடங்குவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. மணியம் செத்துப்போய் வருடமாகிறது. மனு எங்கே? கொடுத்தாளா? நாற்பத்திரண்டு குடும்பம் என்னவானது? எல்லாம் அந்தப் பதினாறு பக்கத்தில். அது என் கையில் இல்லை.

மன்னார்குடியாக இருந்தால் மாடியில் ஆறு பேரில் ஒருவரிடம் நல்ல பிரதி இருக்கும். இல்லையென்றாலும், படித்தவர் யாராவது காப்பிக் கோப்பையை ஆட்டிக்கொண்டே மிச்சக் கதையைச் சொல்லி என்னிடம் அடி வாங்கியிருப்பார்.

4

சரி, அத்தை வாங்கியது மட்டும் பழுது என்று நினைத்தேன். சரவணனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அவர் மோட்டோவில் பின்னால் உட்கார்ந்து சொந்தக்காரர் வீடாகப் போக ஆரம்பித்தேன்.

முதலில் சுங்கை புரோங்கில் அவருடைய மாமா வீடு. அங்கேயும் கண்ணாடி அலமாரி. அங்கேயும் 'பத்தாங்கட்டைப் பார்வதி'. "நல்ல புக்கு மா, நம்ம ஆளுங்க கதை" என்றார் மாமா. திறந்தேன். தொண்ணூற்றாறு, மறுபடி எண்பத்தொன்று. உள்ளே வெளியீட்டு அழைப்பிதழ் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"மாமா, இதுல பதினாறு பக்கத்தக் காணோமே?"

"அப்படியா? இது பெரிய புக்கு லா. பதினாறு பக்கம் போனா என்ன?"

அடுத்து சரவணனின் சித்தி வீடு, பிறகு அவருடைய நண்பரின் அப்பா வீடு, இன்னும் சில வீடுகள். எல்லா வீட்டிலும், "மொதல்ல பசியாறு, பொறவு புக்கப் பாக்கலாம்" என்று இடியாப்பத்தை வைத்துவிடுவார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் செய்தது. வயிறு நிறைய நிறைய எரிச்சலும் நிறைந்தது. ஏழு வீடு, ஏழு பிரதி, ஏழிலும் அதே பழுது.

எட்டாவதாக, வெளியீட்டன்று இந்த நாவலை ஆய்வு செய்து பேசியவரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே, "முக்கால் மணி நேரம் பேசினேன், கைத்தட்டு நிக்கல" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"சார், பார்வதி அந்த மனுவைக் கொடுத்தாளா, இல்லையா?"

"அருமையான கேள்வி" என்றார். சற்று யோசித்தார். "அத வாசகர் முடிவுக்கு விட்டுட்டாங்க."

அவருடைய பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்னுரையில் மூன்று இடத்தில் பென்சில் கோடு. அதற்கப்புறம் தாள்கள் புதுச் சட்டைபோல மொடமொடவென்று இருந்தன.

நூலகத்தை விட்டுவைப்பேனா? இங்குள்ள ஒரு நூலகத்தில் தமிழுக்கென்று இரண்டு தட்டு உண்டு. உறுப்பினராக உள்ளூர் அடையாள அட்டை வேண்டும். இல்லையென்றால் உத்தரவாதம் கொடுக்கும் ஆளின் கையொப்பம், அவருடைய அட்டை நகல், என் விசாப் பக்கத்தின் நகல். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நகல் தெளிவாக இருந்தது. புத்தகமும் இருந்தது. திருப்பித் தரும் தேதியைக் குத்தும் தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. திறந்தேன், எண்பத்தொன்று. கவுண்டருக்கு எடுத்துப்போய், பழுதான புத்தகம் என்பதற்கு மலாயில் என் வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார்: நான், "இந்தப் புத்தகத்துக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லியிருக்கிறேன். பிறகு ரொம்ப மரியாதையாக ஒரு புகார்ப் படிவம் கொடுத்தார். 'இதற்கு முன் யாராவது இதைத் தெரிவித்தார்களா?' என்று அதில் ஒரு கட்டம். அதில் அவரே 'இல்லை' என்று குறித்தார்.

அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இது ஒரு பிரதியின் பழுதில்லை. அச்சடித்த அத்தனையும் இப்படித்தான். ஆறு வருடமாக இந்த வட்டாரத்தின் அலமாரிகளில் நடுவில் ஓட்டையோடு ஒரு நாவல் இருக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர்கூட, தொண்ணூற்றேழாம் பக்கம் வரை போகவில்லை.

5

அன்று சாப்பிடும்போது, வசந்தா அக்காவிடமே போய்க் கேட்கப்போகிறேன் என்று சொன்னேன். அத்தையின் கை தட்டிலேயே நின்றது.

"வேணாம்மா. அந்தப் புள்ள மனசு என்னாகும்? மண்டபம் நெறைய ஆளப் பாத்துப் பாத்து அழுதுச்சு அன்னிக்கி. அத்தன பேரும் படிச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டு இருக்கும். நீ போயி, ஒருத்தரும் படிக்கலன்னு சொல்லுவியா?"

"படிக்கலைங்கறது உண்மைதானே, அத்தை?"

"உண்மையெல்லாம் சரி. வாரா வாரம் கோயில்ல பாக்குறேன் நானு. 'அக்கா, புக்கு எப்படி இருந்துச்சு'ன்னு ஆரம்பத்துல கேட்டுச்சு. 'ரொம்ப நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டேன். இப்ப என் மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?"

சரவணன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "விடு லா, மது. தெரியாம இருந்தா அவங்களுக்கு நிம்மதி" என்றார்.

"நீங்க எத்தனாவது பக்கம் வரைக்கும் படிச்சீங்க?"

"நான் அட்டையே பாக்கல. அதான் நானும் நிம்மதியா இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் என்னைக் குடைந்தது. அந்த வெளியீட்டு மேடையில் வசந்தா, அடுத்த நாவல் பாதி முடிந்துவிட்டது என்று அறிவித்தாராம். ஆறு வருடமாக அது வரவில்லை. ஏற்கெனவே தடுமாறி நிற்பவரிடம் போய், உங்கள் புத்தகத்தில் யாரும் பாதியைக்கூடத் தாண்டவில்லை என்று சொன்னால், பாதி எழுதியதையும் கிழித்துப் போட்டுவிட மாட்டாரா? என் ஆசை ஒரு கதையின் மிச்சத்தைத் தெரிந்துகொள்வது. அவருக்கு அது வாழ்க்கை. நான்கு நாள் அடக்கிக்கொண்டு இருந்தேன். மலாய் கற்க வைத்திருக்கும் குழந்தைக் கதைப் புத்தகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். தவளைக்குக் குடை கிடைத்தது. எனக்குப் பார்வதி கிடைக்கவில்லை.

ஐந்தாவது நாள், பொய் சொல்லிச் சொல்லித்தான் எல்லாருமாக அந்தப் பெண்ணைத் தனியாக விட்டிருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் நான் உட்கார மாட்டேன், உங்களுக்குத் தெரியும். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஜெராம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கயல் படிக்கும் பள்ளி அந்த வழியில்தான்.

6

மணி பன்னிரண்டரை. பள்ளி விட அரை மணி நேரம் இருந்தது. எதிர்ப்பக்கம் மழைமர நிழலில் வெள்ளை வேன். ஓட்டும் இருக்கையில் வசந்தா, கதவைத் திறந்து போட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, கட்டிவந்த மீஹூன் சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

"அக்கா, நான் கயலோட சித்தி."

"தெரியும். ஊர்லேர்ந்து வந்த பொண்ணு. என்னா, கயல் இன்னிக்கி வரலயா?"

"வந்திருக்கா. நான் உங்ககிட்டதான் வந்தேன். உங்க நாவலைப் படிச்சேன்."

"ஆங். நல்லா இருந்துச்சா?" என்றார் என்னைப் பார்க்காமல். ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் தடவையும் ஒரே பதிலை வாங்கியவரின் குரல். மீஹூனிலிருந்து பச்சை மிளகாயை எடுத்து ஓரமாக வைத்தார்.

எப்படியெல்லாமோ பதமாகச் சொல்லப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"தெரியலக்கா. தொண்ணூத்தாறோட நிக்குறேன். பார்வதி லோரியில ஏறிட்டா. அதுக்கப்புறம் பதினாறு பக்கம் இல்ல."

அவர் கை நின்றது. பொட்டலத்தை மெல்ல மடித்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையைக் கழுவினார். துடைத்தார். அவர் அழப்போகிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது. அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

"எத்தன பேரு ஒன்ன அனுப்புனாங்க?"

"யாரும் அனுப்பலக்கா. போக வேணாம்னுதான் சொன்னாங்க."

"மூணாவது நாளே எனக்குத் தெரியும்" என்றார். "வெளியீடு முடிஞ்சி மூணாவது நாளு, ஆசையா எடுத்துப் படிச்சிப் பாத்தேன். அச்சடிச்சவர்கிட்ட சண்ட போட்டேன். மன்னிப்புக் கேட்டு, உட்டுப்போன பக்கத்த மட்டும் அடிச்சிக் குடுத்துட்டாரு. வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு மடிச்சி, பின் அடிச்சி, வேன்ல ஏத்திட்டேன். அப்பதான் ஒரு நெனப்பு. குடுக்குறதுக்கு முன்னாடி ஒருத்தராவது கேக்கட்டுமேன்னு. ஒரு வாரம் பாக்கலாம்னேன். ஒரு மாசம் பாக்கலாம்னேன்." விரலால் ஸ்டியரிங்கைத் தட்டினார். "கோயில்ல பாக்குறவங்க எல்லாம், 'சூப்பர் லா வசந்தா, அழுதுட்டேன்'ங்குறாங்க. எங்க அழுதாங்க? எந்தப் பக்கத்துல?"

அவர் சிரிக்கவில்லை, குரலும் உடையவில்லை. கோபம். சுத்தமான, ஆறு வருடக் கோபம். அடுத்த நாவல் என்று நான் வாயைத் திறந்ததுமே, "யாருக்கு எழுதுறது?" என்று வெட்டினார்.

பிறகு இறங்கி, வேனின் பின்கதவைத் திறந்து, கடைசி இருக்கைக்கு அடியிலிருந்து மைலோ டப்பாக்கள் வரும் அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்தார். பழைய செய்தித்தாளை விலக்கினால் உள்ளே அடுக்கடுக்காகச் சின்னச் சின்னக் கட்டு. மேலே இருந்ததை எடுத்துத் தூசி தட்டி நீட்டினார். தொண்ணூற்றேழு. பின் துருப்பிடித்திருந்தது.

"இங்கயே படி. நா போயிப் பிள்ளைங்கள ஏத்துற எடத்தப் பாத்துட்டு வரேன்."

வேன் படியில் உட்கார்ந்து படித்தேன். ஓடினேன் என்பதுதான் சரி. லோரி கால்வாயில் சரிகிறது. மணியம் போய்விடுகிறான். பார்வதியின் கை ஒடிகிறது. இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு நேரே அந்தப் பெரிய ஆபீசுக்குப் போகிறாள். மனு நனையவில்லை. நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். மணிக்கணக்காகக் காத்திருக்கிறாள். அவள் முறை வருகிறது. எழுந்திருக்கிறாள். மனுவைக் கொடுக்காமல் வெளியே வந்து, தோட்டத்துக்குத் திரும்பாமல், செகிஞ்சான் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள்.

முடித்து நிமிர்ந்தபோது வசந்தா எதிரில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"எப்படி?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டிய நேரமும் அதுதான். ஆனால் ஐந்து வாரம் இதற்காக அலைந்திருக்கிறேன்.

"லோரி சரியுற இடம் பிரமாதம்க்கா. மூச்சு நின்னுபோச்சு. ஆனா கடைசில அவ குடுக்காம வர்றத நான் நம்பல."

"என்னா?"

"கையொடிஞ்சு போனவ, ஒரு ஆள் செத்திருக்காரு, நாப்பத்திரெண்டு குடும்பம் இருக்கு. கவுண்டர் வரைக்கும் போயிட்டுத் திரும்புவாளா? பார்வதி திரும்ப மாட்டா."

"திரும்புனா. எங்கம்மா கூட வேல செஞ்சவங்க அவங்க. நடந்தது இது."

"நடந்ததுங்கறதுக்காக நான் நம்பணுமாக்கா? கதையில நீங்கதான் நம்ப வைக்கணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "பார்வதி திரும்ப மாட்டாளாம். எனக்குத் தெரியாத பார்வதி ஒனக்குத் தெரியுமா? ஏன் திரும்புனான்னு எழுதிருக்கேன். நூத்தி ஏழாம் பக்கத்துல இருக்கு. நீ ஓடி ஓடிப் படிச்ச, பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"நூத்தி ஏழையும் படிச்சேன். ஆபீஸ் எப்படி இருக்குன்னு வர்ணனைதான் இருக்கு."

"வர்ணனையா? வர்ணனைங்குறா பாரு!"

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வேனை நோக்கி ஓடி வந்தன. வசந்தா ஒவ்வொருவரின் பையையும் வாங்கி உள்ளே எறிந்துகொண்டே என்னோடு சண்டை போட்டார். ஒரு பையனை அவன் இடத்தில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, "அந்த ஆபீஸ்ல அவ அஞ்சு மணி நேரம் உக்காந்துருக்கா, அத மறந்துட்டு பேசுற" என்றார். "அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு பக்கம்தான் குடுத்திருக்கீங்க, மணியத்துக்கு ஆறு பக்கம்" என்றேன். கயல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்தி, ஏன் வேன் ஆண்ட்டிகிட்ட சண்ட போடுறீங்க?" என்று கேட்டாள். வசந்தா அவள் பையையும் வாங்கி உள்ளே எறிந்தார்.

எனக்கு அந்த வேனில் இடமில்லை. பிள்ளைகள் கணக்கு அவ்வளவுதான். என்னை ரோட்டோரத்தில் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். இருபது அடி போய் நிறுத்தி, ஜன்னலில் தலையை நீட்டினார். பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நூத்தி ஏழ மறுபடி படி! மெதுவாப் படி!"

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். இருக்கிறது. ஒரே ஒரு வரி. அந்த ஆபீசில் மேசை ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அடியில் ஏதோ தாளை நான்காக மடித்து வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் கைநாட்டு மை வரிசையாகத் தெரிகிறது. பார்வதி அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், அடுத்த வரியில் மின்விசிறி சுற்றுகிறது. இவளுக்கு முன் யாரோ கொண்டுவந்து கொடுத்த மனு; நான் அதைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

பெரிய வரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய முடிவை அந்த ஒரு வரி தனியாகத் தாங்காது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நாளைக்குப் பன்னிரண்டரைக்குப் போய் அவரிடம் அதைச் சொல்லப்போகிறேன்.